பாஸே அப்போலோ கோயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கக் கட்டடக்கலை பற்றிய எந்தப் பாடத்திலும் பாஸே கோயிலுக்கு ஒரு பக்கமாவது உண்டு. ஆனால் படம் தேடினால் ஒரு வெள்ளைக் கூடாரம்தான் வந்து நிற்கிறது. சிற்பங்களைத் தேடினால் லண்டனுக்கு வழி காட்டுகிறது. அதனால் எழும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. கட்டடக்கலை மாணவர்களும் கிரீஸ் பயணம் போட்டுவைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம்.

1. பாஸே எங்கே இருக்கு? யாருடைய கோயில்?

தெற்கு கிரீஸில், பெலொப்பொனீஸ் தீபகற்பத்தின் மேற்கு மலைப்பகுதியில் இருக்கிறது. கோட்டிலியோன் மலைச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,130 மீட்டர் உயரம். பழங்காலத்தில் இது ஆர்கேடியா நாட்டைச் சேர்ந்த ஃபிகாலியா என்ற சிறு நகரத்தின் எல்லைக்குள் இருந்தது. இன்று பக்கத்தில் உள்ள ஊர் அந்திரித்சேனா. அங்கிருந்து மலைச்சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

கோயில் கிரேக்கக் கடவுள் அப்போலோவுக்கு உரியது. இங்கே அவருக்கு ‘எபிகூரியோஸ்’, அதாவது துணைக்கு வருபவர், என்று பெயர். அதே மலையில் இன்னும் மேலே ஆர்ட்டெமிஸ், அஃப்ரொடைட் என்ற பெண்தெய்வங்களுக்கும் சிறு கோயில்கள் இருந்தன. இப்போது அவற்றின் அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

2. எப்போ கட்டினாங்க? பார்த்தனானுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பின்னாடி. ஏதென்ஸின் புகழ்பெற்ற கோயிலான பார்த்தனான் கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் முடிந்தது. பாஸே கோயிலின் பெரும்பகுதி கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளைச் சேர்ந்தது. உள்ளே உள்ள சிற்பப்பட்டை கி.மு. 400-ஐ ஒட்டியது. வேலை ஒரே மூச்சில் நடக்கவில்லை. நடுவில் போர்க்காலம் குறுக்கிட்டது.

அந்த இடத்தில் அதுதான் முதல் கோயில் என்றும் நினைக்க வேண்டாம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டு முதலே அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. முந்தைய கோயில்களின் சுட்ட மண் கூரை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, பழைய கற்கள் சில புதிய கட்டடத்தில் மறுபடி பயன்பட்டிருக்கின்றன.

3. இது ஏன் இவ்வளவு பிரபலம்? பார்க்கச் சாதாரணமாத்தானே இருக்கு?

வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணம்தான். சாம்பல் நிற உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல், கனத்த டோரிக் தூண்கள், சிற்பமே இல்லாத வெளிச்சுவர்ப் பட்டை. முக்கோண முகப்பில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க சிலை எதுவும் கிடைக்கவில்லை. ஏதென்ஸில் அதே காலத்தில் எழுந்த கட்டடங்களோடு வைத்தால், இது ஒரு தலைமுறை பழசு போலத் தெரியும்.

விஷயமெல்லாம் உள்ளே இருக்கிறது. கிரேக்கத்தின் மூன்று தூண் பாணிகளான டோரிக், அயோனிக், கொரிந்தியன் ஆகியவை ஒரே கட்டடத்தில் சேர்ந்திருப்பது நமக்குத் தெரிந்து இங்கேதான் முதலில். கொரிந்தியன் தூண்தலைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய உதாரணமும் இதுவே. கருவறையின் உட்புறம் நான்கு பக்கமும் சுற்றிவரும் சிற்பப்பட்டைக்கும் இதற்கு முன் உதாரணம் இல்லை. புதுமை எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே பழைய முகத்தைக் காட்டியதுதான் இந்தக் கட்டடத்தின் குணம். கீழே வரும் பல பதில்கள் இதைச் சுற்றியே இருக்கும்.

4. அளவு என்ன? எத்தனை தூண்?

தூண்கள் நிற்கும் மேல்படி சுமார் 38.3 மீட்டர் நீளம், 14.5 மீட்டர் அகலம். முகப்பில் 6 தூண், பக்கவாட்டில் 15. மூலைத் தூண்களை இரண்டு முறை எண்ணிவிடாமல் பார்த்தால் வெளிச்சுற்றில் மொத்தம் 38. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். ஒரே கல்லால் ஆனவை அல்ல. உருளை உருளையாகச் செதுக்கி அடுக்கியவை.

15 என்ற எண்ணைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் முகப்பில் 6 என்றால் பக்கத்தில் 13 வைப்பதே வழக்கமாகிவிட்டது. ஏதென்ஸின் ஹெஃபைஸ்டோஸ் கோயில் அப்படித்தான். 6-க்கு 15 என்பது டெல்ஃபி அப்போலோ கோயிலில் காணும் பழைய நீள அமைப்பு. கருவறைக்குப் பின்னால் ஓர் உள்ளறைக்கும் இடம் வேண்டியிருந்ததால் இந்த நீளம் வசதியாகப் போனது.

5. கோயில் கிழக்குப் பார்த்து இல்லையே, வடக்குப் பார்த்து இருக்கே? தப்பா கட்டிட்டாங்களா?

தப்பு இல்லை. பெரும்பாலான கிரேக்கக் கோயில்கள் கிழக்குப் பார்த்தவை என்பது சரிதான், ஆனால் அது மீற முடியாத விதி அல்ல. இங்கே முந்தைய கோயிலும் வடக்கு-தெற்காகவே இருந்தது. புதியது அந்தத் திசையையே பின்பற்றியது. மலைச்சரிவில் நீளமான கட்டடத்துக்கு ஏற்ற சமதளமும் அந்தப் போக்கிலேயே அமைந்தது.

ஆனால் கிழக்கை முழுசாக விட்டுவிடவும் இல்லை. பின்னால் உள்ள உள்ளறையின் கிழக்குச் சுவரில் தனியாக ஒரு வாசல் இருக்கிறது, காலை வெளிச்சம் அதன் வழியாக உள்ளே விழும். சாமி சிலை அந்த வாசலைப் பார்த்தபடி இருந்ததா, வடக்கு வாசலைப் பார்த்தபடி மைய அச்சில் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

6. உள்ளே போனா என்ன அமைப்பு? வரைபடம் பார்த்தும் புரியல.

வடக்கிலிருந்து நடந்து வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தூண் வரிசையைத் தாண்டினால் முன்மண்டபம், இரண்டு சுவர் முனைகளுக்கு நடுவே இரண்டு தூண். அடுத்து வாசல், பிறகு கருவறை. கருவறையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் ஐந்தைந்து குட்டைக் குறுக்குச் சுவர்கள் உள்நோக்கி நீள்கின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு அயோனிக் அரைத்தூண். குறுக்குச் சுவர்களுக்கு இடையே மாடம் போன்ற இடைவெளிகள். தனித்தூண் வரிசை நடுவிலே நின்று மறைக்காததால் மையப்பகுதி அகலமாகத் திறந்து கிடக்கும்.

முதல் நான்கு ஜோடிக் குறுக்குச் சுவர்கள் பக்கச் சுவருக்குச் செங்குத்தாக இருக்கும். ஐந்தாவது ஜோடி மட்டும் 45 பாகை சாய்வாகத் திரும்பியிருக்கும். அந்தச் சாய்ந்த இரண்டுக்கும் நடுவில், மைய அச்சில், ஒற்றைக் கொரிந்தியன் தூண். அதற்கு அப்பால் உள்ளறை. கருவறைக்கும் உள்ளறைக்கும் இடையில் சுவரே கிடையாது. அந்த ஒற்றைத் தூண்தான் எல்லை. வரைபடத்தில் குழப்பம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஏனென்றால் கண் தானாக அங்கே ஒரு சுவரைத் தேடும். இதற்கும் பின்னால், கட்டடத்தின் தென்கோடியில், இரண்டு தூண்களோடு பின்மண்டபம். அதற்கும் உள்ளறைக்கும் நடுவே முழுச்சுவர், வழி கிடையாது.

7. அயோனிக் தூண்தலை இங்கே வேற மாதிரி இருக்குன்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

வழக்கமான அயோனிக் தூண்தலைக்கு முன்னும் பின்னும் மட்டுமே சுருள் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் சுருட்டி வைத்த பாய் போல இருக்கும். வரிசையாக நேரே நிற்கும் தூண்களுக்கு இது பொருந்தும். பாஸேயில் அரைத்தூண்களை முன்னாலிருந்தும் பார்க்கலாம், இரண்டு மாடங்களிலிருந்தும் பார்க்கலாம். மூன்று பக்கமும் கண்ணில் படும். அதனால் மூன்று முகத்திலும் சுருள் வைத்து, மூலையில் இரண்டு சுருள்கள் சந்திக்கும் இடத்தை வெளிநோக்கி வளைத்துவிட்டார்கள்.

இரண்டு சுருள்களையும் இணைக்கும் மேல்கோடு நேராகப் போகாமல் உயர்ந்த வளைவாக எழும்புகிறது. தூணின் அடிப்பாகம் மணியைக் கவிழ்த்தாற்போல் வெளியே அகலமாக விரிகிறது. அளவுகளைப் புத்தகத்திலிருந்து எடுத்து அப்படியே வரைந்த ஆள் செய்த வேலை அல்ல இது.

8. அந்தக் கொரிந்தியன் தூண்தலை இப்போ எங்கே இருக்கு?

முழுசாக எங்கும் இல்லை. 1811-12-இல் அதைப் பார்த்தவர்கள் வரைந்த படங்கள் இருக்கின்றன. அவற்றுள் பவேரியக் கட்டடக் கலைஞர் கார்ல் ஹாலர் ஃபொன் ஹாலர்ஸ்டைன் வரைந்தவை முக்கியமானவை. பிறகு அது உடைந்துபோனது. சில துண்டுகள் ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளன. பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் உருவம் அந்தப் படங்களையும் துண்டுகளையும் வைத்து மீட்டது.

பிற்கால ரோமானியக் கொரிந்தியன் தூண்தலையை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே அகாந்தஸ் என்ற செடியின் இலைகள் அடியில் சிறிதாக ஒட்டிக் கிடக்கின்றன. மேலே பெரிய சுருள்கள், அவற்றுக்கு நடுவே விசிறி இலை. கூடை வடிவத் தலையின் பெரும்பகுதி வெறுமையாகவே தெரியும். ஒரு பாணி பிறந்த புதிதில் அப்படித்தான் இருக்கும். இரு பக்கமும் உள்ள சாய்ந்த அரைத்தூண்களுக்கும் கொரிந்தியன் தலையே இருந்தது என்று சிலர் வாதிடுகிறார்கள். அயோனிக் என்று வரையும் படங்களும் உண்டு. இரண்டு விதப் படமும் கண்ணில் பட்டால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

9. எல்லாமே பளிங்கா?

இல்லை. உடம்பு முழுக்க அந்த மலையில் கிடைத்த சுண்ணாம்புக்கல். பளிங்கை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், 1,130 மீட்டர் ஏற்ற வேண்டும். எனவே சிக்கனமாகவே செலவழித்தார்கள்: சிற்பப்பட்டை, கொரிந்தியன் தூண்தலை, முன்மண்டப, பின்மண்டபத்தின் மேலுள்ள சிற்பப் பலகைகள், கூரை ஓடுகள். நுணுக்கமாகச் செதுக்க வேண்டியதும் மழை தாங்க வேண்டியதும் மட்டும் பளிங்கு என்று கொள்ளலாம்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயண எழுத்தாளர் பௌசானியாஸ், கூரையும் கல்லால் ஆனது என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். சுட்ட மண் ஓடுதான் வழக்கம் என்பதால் அவருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. பெலொப்பொனீஸில் தெகேயா கோயிலுக்கு அடுத்தபடியாக, கல்லின் அழகிலும் அமைப்பின் ஒழுங்கிலும் இதையே அவர் வைத்தார்.

10. பார்த்தனான் கட்டின இக்டினோஸ்தான் இதையும் கட்டினாரா?

அப்படிச் சொல்லும் ஒரே பழைய சான்று மேலே சொன்ன பௌசானியாஸ்தான், அவரும் கோயில் கட்டி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தவர். கல்வெட்டு எதுவும் இல்லை. ஆகவே “இக்டினோஸ் கட்டியதாகப் பௌசானியாஸ் கூறுகிறார்” என்று எழுதினால் சரி. “இக்டினோஸ் கட்டினார்” என்று முடிவாக எழுதினால் தேர்வில்கூடக் கேள்வி வரும்.

ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் பிரிந்திருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் டோரிக்கையும் அயோனிக்கையும் கலப்பது பார்த்தனானிலும் உண்டு, ஆகவே அவரே என்பது ஒரு பக்கம். வெளிப்புறத்தின் பழைய பாணி அவருடைய கைக்குப் பொருந்தவில்லை என்பது மறுபக்கம். திட்டம் ஒருவருடையது, பிற்பாடு முடித்தவர் வேறொருவர் என்று இரண்டுக்கும் நடுவே நிற்பவர்களும் உண்டு. வேலை இழுத்துக்கொண்டே போனதை (2-ஆம் கேள்வி) நினைத்தால் எங்களுக்கு இந்தக் கடைசிக் கருத்து ஒத்துவருகிறது.

11. கொள்ளைநோயிலிருந்து காப்பாத்தினதுக்கு நன்றியாக் கட்டினாங்கங்கிறது உண்மையா?

அதுவும் பௌசானியாஸ் தந்த விளக்கம்: ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனீஸியப் போர்க்காலக் கொள்ளைநோயிலிருந்து ஃபிகாலியாக்காரர்களை அப்போலோ காத்தார், அதனால் அந்தப் பெயர். சிக்கல் என்னவென்றால், அந்த நோய்க்காலத்தில் வாழ்ந்து, நோயில் விழுந்து பிழைத்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், நோய் பெலொப்பொனீஸுக்குள் சொல்லும்படியாக நுழையவில்லை என்கிறார்.

வேறொரு விளக்கமும் உண்டு. இங்கே காணிக்கையாகச் சிறிய அளவிலான ஆயுதங்களும் கவசங்களும் கிடைத்திருக்கின்றன. ஆர்கேடியா மலைக்காரர்கள் கூலிப்படை வீரர்களாகப் பேர்போனவர்கள். போரில் துணை நிற்கும் தெய்வமாகவே அப்போலோவை இங்கே வணங்கினார்கள் என்பது அந்த விளக்கம். கொள்ளைநோய்க் கதையைவிட இதற்குக் கையில் பிடிக்கத்தக்க பொருள் சான்று இருக்கிறது.

12. உள்ளே ஒரே இருட்டா இருந்திருக்குமே, சிற்பப்பட்டையை எப்படிப் பார்த்தாங்க?

சரியான சந்தேகம். பட்டை அயோனிக் அரைத்தூண்களுக்கு மேலே, தரையிலிருந்து ஏழு மீட்டர் உயரத்தில் இருந்தது. வடக்கு வாசல் வழியாகவும் 5-ஆம் கேள்வியில் சொன்ன கிழக்கு வாசல் வழியாகவும் வரும் வெளிச்சம் அந்த உயரத்துக்கு அதிகம் எட்டாது. கூரை ஓடுகளில் வெளிச்சத் துளைகள் இருந்தன என்றும், கூரையின் நடுப்பகுதி திறந்தே இருந்தது என்றும் கருதியவர்கள் உண்டு. குளிர்காலத்தில் பனி கொட்டும் மலையில் திறந்த கூரை என்பதை நம்புவது கடினம்.

செதுக்கிய விதத்தில் ஒரு விடை இருக்கலாம். உருவங்கள் தடித்தவை, பின்னணியிலிருந்து நன்றாகப் புடைத்து நிற்பவை. துணிகள் பறக்கின்றன, கைகால்கள் கோணலாக வெட்டிக்கொள்கின்றன. அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து “பார்த்தனான் அளவுக்கு நயம் இல்லை” என்று குறை சொல்வார்கள். அரையிருட்டில் கீழிருந்து அண்ணாந்து பார்க்கச் செதுக்கியதைக் கண்முன்னே வைத்துப் பார்த்தால் முரடாகத்தான் தெரியும்.

13. பட்டையில என்ன கதை?

இரண்டு போர்கள். 12 பலகைகளில் கிரேக்கர்களும் அமேசான் பெண் வீரர்களும் மோதுகிறார்கள். 11 பலகைகளில் கிரேக்கப் புராணத்தில் வரும் லாபித் மக்களும் பாதி மனிதன் பாதிக் குதிரையான சென்டார்களும். மொத்தம் 23 பலகை, சுமார் 31 மீட்டர் நீளம், 64 சென்டிமீட்டர் உயரம். அமேசான் பகுதியில் ஹெராக்லீஸ் இருக்கிறார். ஆயுதத்தால் கொல்ல முடியாத லாபித் வீரன் கைனியூஸைச் சென்டார்கள் கல்லால் அமுக்கி மண்ணுக்குள் புதைக்கும் காட்சி தவறவிடக் கூடாதது. அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் மான் பூட்டிய தேரில் வருவது இன்னொன்று.

14. சிற்பம் லண்டனுக்கு எப்படிப் போச்சு? இதுவும் பார்த்தனான் மாதிரி விவகாரமா?

1765-இல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜொவாஷீம் பொஷே இந்த இடத்தை அடையாளம் கண்டார்; மறுபடி போக முயன்றபோது கொல்லப்பட்டார். 1811-இல் ஆங்கிலேயர் காக்கரெல், மேலே சொன்ன ஹாலர் முதலியோர் வந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு நரி ஓடியது, அது வந்த பொந்தில் எட்டிப் பார்த்தால் சிற்பப் பலகை தெரிந்தது என்று காக்கரெல் எழுதிவைத்திருக்கிறார். 1812-இல், அப்பகுதியை ஆண்ட ஒட்டோமான் ஆளுநர் வெலி பாஷாவின் அனுமதியோடு தோண்டி எடுத்தார்கள். வெள்ளி கிடைக்கும் என்று எதிர்பார்த்த பாஷாவுக்குப் பளிங்கு பிடிக்கவில்லை. தன் பங்கைப் பணத்துக்கு விட்டுக்கொடுத்தார். 1814-இல் ஸாக்கிந்தோஸ் தீவில் ஏலம் நடந்தது. பிரிட்டிஷ் அரசு 60,000 ஸ்பானிய டாலருக்கு வாங்கியது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தின் 16-ஆம் அறையில் இருக்கிறது. அந்த அறை சில நாட்களில் மூடியிருக்கும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் உள்ள பார்த்தனான் சிற்பங்களில் பல கட்டடத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவை. இவை விழுந்து புதைந்து கிடந்தவை, வெளிப்படையான ஏலத்தில் விலைபோனவை. அந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இரண்டிலும் அனுமதி கொடுத்தது அந்த மண்ணை ஆண்ட வேற்று அரசு, கிரேக்கர்களிடம் யாரும் கேட்கவில்லை. விவாதம் அங்கேதான் நிற்கிறது.

15. பலகைகளோட வரிசை சரியானதா?

மியூசியத்தில் உள்ளது ஒரு முன்மொழிவு. பலகைகள் இடிபாட்டில் சிதறிக் கிடந்தன; எது எங்கே விழுந்தது என்று எடுத்தவர்கள் முழுமையாகக் குறித்துவைக்கவில்லை. மூலைக்குரிய பலகைகளை விளிம்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மற்றவற்றுக்கு ஆணித்துளைகளின் இடம், பலகையின் நீளம், பக்கத்துப் பலகைக்குள் நீளும் கைகால் ஆகியவை துப்பு. இந்தத் துப்புகளை வெவ்வேறு விதமாக எடைபோட்டதால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் அச்சில் இருக்கின்றன. இரண்டு புத்தகங்களில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால், முதலில் எந்த வரிசையைப் பின்பற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

16. இவ்வளவு நல்லா நிக்கிற கோயில் ஏன் விழுந்தது? நிலநடுக்கமா?

நிலநடுக்கம் ஒரு காரணம்தான். கற்களை ஒன்றோடொன்று பிணைத்த இரும்புக் கவ்விகளையும் அவற்றைச் சுற்றி ஊற்றிய ஈயத்தையும் பிற்காலத்தவர்கள் உலோகத்துக்காகக் குடைந்து எடுத்தார்கள். பிணைப்பு போனபின் மேல்பகுதி கற்கள் தனித்தனியாகிவிட்டன. அப்புறம் ஒவ்வொரு அதிர்வும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். அதோடு மலைக்குளிர். சுண்ணாம்புக்கல்லின் விரிசலில் இறங்கும் மழைநீர் உறைந்து விரியும், கல்லைப் பிளக்கும், மறுநாள் உருகி இன்னும் ஆழமாக இறங்கும். அடித்தளமும் சீராக அமுங்கவில்லை. தூண்கள் சில சாய்ந்ததற்கு அதுவே காரணம்.

தப்பித்ததற்கும் மலைதான் காரணம். பக்கத்தில் கல்லுக்காக அலையும் பெரிய ஊர் எதுவும் பிற்காலத்தில் எழவில்லை.

17. அந்தக் கூடாரத்தை எப்போ எடுப்பாங்க? அது இருக்கும்போது போறது வீணா?

1902-08-இல் கிரேக்கத் தொல்லியல் சங்கம் விழுந்த தூண்களையும் கருவறைச் சுவரையும் தூக்கி நிறுத்தியது. மேலே சொன்ன உறைபனி, மழை, அடித்தளப் பிரச்சினைகள் அதனால் தீரவில்லை. 1975-இல் இதற்கென ஒரு குழு அமைக்கப்பட்டது. 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, கிரீஸிலிருந்து அதில் இடம்பெற்ற முதல் இடம் இதுவே. மறு ஆண்டு, 1987-இல், எஃகுக் கம்பங்களிலும் கம்பிவடங்களிலும் இழுத்துக் கட்டிய கூடாரம் வந்தது. தற்காலிகம் என்றுதான் போட்டார்கள். தூணைப் பிரித்து, அடித்தளத்தைப் பலப்படுத்தி, அதே உருளைகளை அதே இடத்தில் திரும்ப அடுக்கும் வேலை மிக மெதுவானது. அது முடியும்வரை கூடாரத்தை எடுத்தால் கல் மறுபடி நனையும்.

வீண் இல்லை. மலையின் பின்னணியில் கோயிலைப் பார்க்கும் காட்சி கிடைக்காது, அது இழப்புதான். ஆனால் வெள்ளைத் துணி வெயிலை வடிகட்டிச் சீராகப் பரப்புவதால், தூணின் வரிப்பள்ளங்களும் கவ்வி எடுத்த குழிகளும் நிழல் விழாமல் தெளிவாகத் தெரியும். தூரம் நின்று முழுக் கோயிலையும் படமெடுக்க இடம் இருக்காது. அகலக்கோண லென்ஸ் வேண்டும். கோடையிலும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் சாப்பாடும் அந்திரித்சேனாவிலேயே வாங்கிவிடுங்கள். பனிக்காலத்தில் சாலை நிலவரத்தை அதே ஊரில் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.